மேசையில் போட்ட ரீடிங்

நவம்பர் 3

ஊட்டி டாக்டரம்மா இந்த நோட்டைக் கையில் திணித்து, "தினமும் எழுதிட்டு வாங்க, அடுத்த மாசம் பார்க்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து கட்டம் போட்டிருக்கிறது. எப்போது படுத்தீர்கள். கால் குடைச்சல் எப்போது தொடங்கியது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். வேறு மாத்திரை உண்டா. கடைசிக் கட்டத்தில், 'தூக்கத்தில் கால் உதைப்பு உண்டா? கூடப் படுப்பவரைக் கேட்டு எழுதவும்.'

எனக்கா ரீடிங் எழுதச் சொல்லித்தரணும்? முப்பத்தொரு வருஷம் வேலூர்ப் பக்கம் சப்ஸ்டேஷனில் மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதினவன் இந்தத் தணிகாசலம். இப்போது இந்த அணை முகாமில் மழைமானி, தெர்மாமீட்டர், நீர்மட்டம் மூன்றையும் பார்த்து எழுதுகிறேன். அதனால் ஆறாவதாக ஒரு கட்டம் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ராத்திரிக் குளிர் எத்தனை டிகிரி என்று. டாக்டரம்மாவுக்கு இது தோணவில்லை பாருங்கள்.

இந்த இடம் ஏழாயிரத்து முந்நூறு அடி உயரம். ஐம்பத்தேழு வயசில் மாற்றல் கேட்டு மலையேறினவன் நான் ஒருத்தன்தான் என்று ஆபீஸில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வேலூர்ப் புழுக்கத்தில் படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்புப் புற்று கலைந்த மாதிரி இருக்கும். எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். குளிருக்குப் போனால் கால் அடங்கும் என்று வந்தேன். அவ்வளவுதான் காரணம்.

படுத்தது 9.15. குடைச்சல் 9.40. தூக்கம் மூன்றரை மணி. குளிர் 10 டிகிரி. உதைப்பு: இல்லை.

நவம்பர் 4

9.00. 9.30. மூன்று மணி. 9 டிகிரி. இல்லை.

நவம்பர் 8

அடங்கும் என்று வந்த கால் அடங்கவில்லை. எழுதினால் எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் உள்ளதை எழுதணும். வேலூரில் நாலு மணி நேரம் தூங்கினவன் இங்கே மூன்றுக்கு வந்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் பலகைத் தரை. ராத்திரி நான் நடந்தால் டம் டம் என்று கேட்கும். பக்கத்து வீட்டு வாட்ச்மேன் போஜன், மலைக்காரர், காலையில் கேட்டார்: "என்ன சார், ராத்திரி பூரா ரோந்து போறீங்க? எனக்குப் பதிலா நீங்களே வாட்ச்மேன் வேலையைப் பாருங்களேன்."

"கால் சொல்பேச்சு கேக்கலை போஜன்."

"டீ குடிங்க சார். இந்தக் குளிருக்கு அதுதான் மருந்து."

அவர் வீட்டு அடுப்பில் எந்நேரமும் டீ கிடக்கும். கறுப்பாக, நாக்கு ஒட்டுகிற மாதிரி. நானும் குடிக்கிறேன். ஆளில்லாத இடத்தில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஏதோ ஒரு வேலை செய்கிற மாதிரி இருக்கிறது.

10.00. 10.10. இரண்டே முக்கால். 8 டிகிரி. இல்லை.

நவம்பர் 13

இன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்தது. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். எனக்கு முன்னால் இருந்த ஆசாமி போன மார்ச் முழுக்க குளிர் 9, 9, 9, 9 என்று முப்பத்தொரு நாளும் எழுதி வைத்திருக்கிறான். தெர்மாமீட்டர் பக்கமே போகவில்லை. இதற்கு எங்கள் பாஷையில் மேசை ரீடிங் என்று பேர். நாற்காலியை விட்டு எழாமல், முந்தின மணியில் என்ன இருந்ததோ அதையே கொஞ்சம் மாற்றி எழுதிவிடுவது. சப்ஸ்டேஷனில் பாதிப்பேர் செய்வார்கள். நான் ஒருநாளும் செய்ததில்லை. ஜோதிலிங்கம் என்று கூட வேலை பார்த்தவன், நல்ல சிநேகிதன், ராத்திரி ஷிஃப்டில் மேசை ரீடிங் போட்டுவிட்டுத் தூங்கினான். நான் மேலே சொன்னேன், மெமோ வாங்கினான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு கிடையாது. போகட்டும். பார்க்காததை எழுதினால் பொய்தானே?

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். இங்கே செல்போன் சிக்னல் கிடைப்பது மழைமானிக்குப் பக்கத்தில் மட்டும்தான். மரகதம், என் வீட்டுக்காரி, "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன். "ஸ்வெட்டர் போட்டுக்குங்க" என்று போனை மகள் இந்துமதியிடம் கொடுத்துவிட்டாள். மரகதத்துக்கு செப்டம்பரில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று, விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. மகள் ஓசூரில் வேலை பார்க்கிறவள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அம்மாவோடு வேலூரில் இருக்கிறாள்.

"அப்பா, அம்மாவைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. பாத்ரூம்ல ஈரத்தைத் துடைக்காம வர்றாங்க. ஒரு தடவை விழுந்தது போதாதா? ரப்பர் மேட் வாங்கிப் போட்டிருக்கேன். சுவத்துல கைப்பிடி வெக்க ஆள் வரச்சொல்லியிருக்கேன்."

"சரிம்மா" என்றேன்.

8.30. 8.50. இரண்டு மணி. 8 டிகிரி. இல்லை.

நவம்பர் 20

மூன்று நாளாக மூட்டம். எதிரே இருக்கிற அணையே தெரியவில்லை. மூக்கு ஒழுகல், தும்மல். கடைத்தெருவுக்கு ஜீப்பில் போன போஜன் ஜலதோஷ மாத்திரை வாங்கி வந்தார். "போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும் சார்." தூக்கம் வந்தது. அதற்கு முன்னால் கால் வந்தது. கண் சொக்குகிறது, கால் எழுந்து நட என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

பேச ஆளில்லை. ஈ காக்கா இல்லை என்பார்களே, இங்கே நிஜமாகவே ஈ இல்லை. குளிரில் செத்துப்போகும் போல.

நவம்பர் 27

இந்து பேசினாள். பொங்கல் முடிந்ததும் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப் போய்விடப் போகிறாளாம், வீட்டைப் பூட்டிவிட்டு. "கண்ட இடத்துல விழறாங்க. நீங்களும் இல்ல. தனியா எப்படிப்பா விடறது? போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள் போலிருக்கிறது. "என் மெஷினை விட்டுட்டு நான் எங்கடி வர்றது?" என்று கேட்டது. எங்கள் காலனியில் பாதிப் பெண்களின் ரவிக்கை மரகதம் தைத்தது. விரல் மடங்காவிட்டாலும் தினமும் மெஷின் முன்னால் உட்காருகிறாளாம். எதிர்த்து அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். அவள் பேச ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

இன்றைக்குத் தூக்கம் ஒரு மணி. குளிரும் காரணமில்லை, உயரமும் காரணமில்லை.

டிசம்பர் 3

டாக்டரம்மா நோட்டை முழுக்கப் படித்தார்கள். குளிர்க் கட்டத்தைக் காட்டி, "இது நல்லா இருக்கே" என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து கேட்டார்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

"எத்தனை டிகிரின்னு எழுதியிருக்கீங்க, எத்தனை டம்ளர்னு எழுதலியே!" என்று சிரித்தார்கள். போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து அடியோடு குறைந்திருக்கிறதாம். சாப்பாட்டோடு டீயைக் குடித்தால் உடம்பில் இரும்பு சேராதாம். ஜலதோஷ மாத்திரை சிலருக்குக் காலைக் கிளப்பிவிடுமாம். "உயரத்துக்கு வந்தா இந்தக் குடைச்சல் சிலருக்கு அதிகமாகும் தணிகாசலம். இங்க தூக்கமும் மெலிசா இருக்கும். வெயில்ல கஷ்டம்னா மலையில சுகம்னு கணக்குப் போட முடியாது. வர்றதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டிருக்கலாமே?"

நான் யாரையும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்கள். "தினமும் இல்லை, இல்லைன்னு போட்டிருக்கீங்க. யாரைக் கேட்டீங்க?"

"தனியாத்தான் இருக்கேன் டாக்டர்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கறவர் தன் காலைப் பார்க்க முடியுமா? வீட்டம்மாவைக் கேட்டு எழுதுங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முப்பது நாளாக நான் போட்டது மேசை ரீடிங்.

டிசம்பர் 4

எதுவும் எழுதவில்லை.

டிசம்பர் 10

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொடுக்கணும்.

மரகதம் பாத்ரூமில் விழவில்லை.

செப்டம்பர் 14, ராத்திரி இரண்டு இருபது. கரண்ட் இல்லை, வேலூர்ப் புழுக்கம். எப்போதும் சுவர்ப் பக்கம் படுக்கிறவள் அன்றைக்கு ஜன்னல் காற்றுக்காக வெளிப்பக்கம் படுத்திருந்தாள். எங்கள் கட்டில் உயரம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு எழுந்தபோது அவள் தரையில் கிடந்தாள், கை கோணலாக மடங்கியிருந்தது. என் கால் அப்போதும் உதறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேனாவை எடுத்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று மரகதத்தைத்தான் கேட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா." நர்ஸ் எழுதிக்கொண்டாள். பொண்டாட்டியை உதைத்தான் என்று எழுதிவிடுவாளோ, போலீஸைக் கூப்பிடுவாளோ என்று பயம். காலனியில் தெரிந்தால் மானம் போகுமே என்று பயம். மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வலியில் இருந்தவள் அந்த நேரம் வலியையே மறந்துவிட்டுப் பார்த்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள்: "கால் பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அன்றிலிருந்து ஹாலில் படுத்தேன். மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன். குளிருக்காக வந்தேன் என்பதும் மேசை ரீடிங்தான்.

அவள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. மகள் திட்டினாள், சம்பந்தமில்லாத அக்கம்பக்கமெல்லாம் "பார்த்து நடக்கக் கூடாதா" என்றார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 19

புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. ஒரு டிகிரி. டீ இரண்டு டம்ளராகக் குறைத்துவிட்டேன், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் கிடையாது. போஜனுக்கு வருத்தம். "டீ வேணாங்கிற ஆளை இந்த மலையில இப்பதான் பார்க்கிறேன்" என்று வெந்நீரைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். இரும்பு மாத்திரை கருமம், வயிற்றைக் கட்டுகிறது. ஆனால் தூக்கம் மூன்றே முக்கால்.

மழைமானிக்குப் பக்கத்தில் நின்று மரகதத்தைக் கூப்பிட்டேன். இந்துவிடம் கொடுக்காதே என்றேன்.

"நான் தூக்கத்துல உதைப்பனா? டாக்டர் கேட்டு எழுதச் சொல்றாங்க."

சிக்னல் போய்விட்டதா என்று பார்த்தேன்.

"எத்தனை வருஷக் கணக்கு எழுதணும்? இந்து பொறந்த வருஷத்துலேர்ந்து உதைக்கிறீங்க. இருபத்தாறு."

"சொன்னதே இல்லியே!"

"சொன்னா தனியாப் போய்ப் படுத்துக்குவீங்க. நடுவுல ஒரு தலையணை வெச்சுப்பேன்." அப்புறம் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அதிகம். மழை பெய்த ராத்திரி குறைச்சல். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கினால் உதைப்பே இல்லை. "கொடைக்கானல் போனோமே, இந்து ஆறாவது படிக்கும்போது. மூணு ராத்திரியும் என்னைத் தூங்க விடல. மலைக்குப் போனா உங்களுக்கு அதிகமாகும்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டி என்னை விட்ட?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் ரீடிங் எடுத்தேன் என்று பீற்றிக்கொண்டேன். என் பக்கத்தில் படுத்து இருபத்தாறு வருஷம் ஒருத்தி ரீடிங் எடுத்திருக்கிறாள், ஒரு நாள் கூட விடாமல்.

டிசம்பர் 28

இன்றைக்கு இந்துவிடம் சொல்லிவிடலாம் என்று மழைமானிக்குப் போனேன். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மழையும் பெய்யவில்லை.

ஜனவரி 4

சொல்லிவிட்டேன்.

கைப்பிடி வைத்தாயிற்று, ஓசூரில் தரைத்தள வீடாகப் பார்த்தாயிற்று என்று இந்து சொல்லிக்கொண்டே போனாள். "அம்மா பாத்ரூம்ல விழலம்மா" என்றேன். செப்டம்பர் 14-ஐ முழுசாகச் சொன்னேன். நர்ஸ், ஆட்டோ, எல்லாம்.

அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க அம்மாவை அடிச்சீங்களா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து நாலு மாசம் ஓடினேனோ அதே கேள்வி. அதுவும் என் மகள் வாயிலிருந்து.

"இல்லம்மா. தூக்கத்துல. சத்தியமா."

"அன்னைக்கும் இப்படித்தான் உறுதியாச் சொன்னீங்க. அம்மாவைக் கேட்டா அவங்க உங்களைக் காப்பாத்தத்தான் பார்ப்பாங்க. நான் எதைப்பா நம்பறது? நாலு மாசமா அவங்களைக் குழந்தையைத் திட்டற மாதிரி திட்டிட்டு இருக்கேனே!"

கட் பண்ணிவிட்டாள். நான் மழைமானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போஜன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ கொண்டுவந்தார். மூன்றாவது டம்ளர். குடித்தேன்.

ஜனவரி 9

இந்துவிடமிருந்து போன் இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 14, வேலூர்

கால் குடைச்சலில் ரயிலில் உட்கார முடியாமல் கதவோரம் நின்றபடியே வந்தேன். மரகதம் கதவைத் திறந்து, "இளைச்சுட்டீங்க" என்றாள். இந்து லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பாத்ரூமில் பளபளவென்று கைப்பிடி. அதைப் பிடிக்காமல் குளித்துவிட்டு வந்தேன்.

ராத்திரி ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். இந்து நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "விளக்கு வேணாமாம்மா?" என்றேன். "நீங்க தூங்குங்க" என்றாள்.

ஜனவரி 15, பொங்கல்

காலையில் எழுந்தபோது இந்த நோட்டு தலைமாட்டில் இருந்தது. திறந்தால் என் எழுத்து இல்லாத ஒரு பக்கம்:

11.50 – தூங்கினார்.
12.35 – இடது கால், 3 தடவை.
12.50 – இரண்டு காலும். போர்வை போய்விட்டது. போர்த்திவிட்டேன்.
1.20 – 5 தடவை. கூப்பிட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.
2.15 – பலமாக. நாற்காலிக் கால் நகர்ந்தது.
3.05 – போர்வை.
4.00 வரை பார்த்தேன். நேரில் பார்த்தது. – இந்துமதி

என் மகள் மேசை ரீடிங் போடமாட்டாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முன்னால் இருக்கிற பக்கம் எல்லாவற்றையும் அவள் படித்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. கிழிக்கவேண்டிய பக்கத்தையும்.

இந்து வாசலில் கோலத்துக்குச் செம்மண் கரை கட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நம்பறேன்" என்றாள். "அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாலு மாசமாகக் கேட்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போனேன். மரகதம் இடது கையால் பால் பாத்திரத்தைப் பிடித்திருந்தாள்.

"உன்னைப் பேசவிடாம நான் பொய் சொன்னேன் மரகதம். உன்னைப் பொய்க்காரியாக்கிட்டு ஓடிட்டேன். தப்புதான். மன்னிச்சுடு."

அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. "இதைச் சொல்றதுக்கு அவ்ளோ உயரம் ஏறணுமா? பாத்திரத்தைப் பிடிங்க, பால் பொங்குது."

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது இந்து, "கைப்பிடியைக் கழட்டச் சொல்லிடட்டுமாம்மா?" என்றாள்.

"இருக்கட்டும்டி. உங்கப்பாவுக்கு வயசாகுதில்ல." ஓசூர் வீட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அம்மா இங்கேதான்.

ஜனவரி 17

இரண்டு ராத்திரியும் கட்டில் வேண்டாம் என்றுவிட்டாள் மரகதம். தரையில் பாய், நடுவில் தலையணை. "இதுக்கு மேல விழறதுக்கு இடமில்ல" என்றாள். காலையில் நோட்டை நீட்டினேன். முறிந்த கையாலேயே பேனாவைப் பிடித்து, கோணல்மாணலாக எழுதினாள்: 'நாலு உதை. முன்னைக்குத் தேவலை.'

ஜனவரி 20, முகாம்

மாற்றல் கேட்டு வந்தவனை உடனே திருப்பி அனுப்பமாட்டார்களாம். மே மாசம் பார்க்கலாம் என்கிறார்கள். போஜன் பொங்கலுக்குத் தன் வீட்டில் செய்த பலகாரம் எடுத்து வைத்திருந்தார், கல் மாதிரி ஆகியிருந்தது. தின்றேன். மூட்டம் வந்து அணையை மறைத்துவிட்டது.

படுத்தது 9.30. குடைச்சல் 10.20. தூக்கம் நாலரை மணி. மாத்திரை: இரும்பு மட்டும். குளிர் 2 டிகிரி. டீ இரண்டு.

உதைப்பு: தெரியாது. பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை.